சியானில் ஒரே ஒரு மாலை: எந்த இரவுச் சந்தைக்குப் போகலாம்?

சீனாவின் சியான் நகருக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் சுடுமண் படைவீரர்களைப் பார்க்க வருகிறவர்கள். ஒரு பகல் முழுக்க அதற்கே போய்விடும். மறுநாள் மதில், அருங்காட்சியகம் என்று சுற்றிவிட்டு ரயில் ஏறிவிடுவார்கள். நடுவே மிஞ்சுவது ஒரு மாலை, அதிகம் போனால் இரண்டு. அந்த மாலையில் எங்கே சாப்பிடுவது, எங்கே பொருள் வாங்குவது என்று யாரைக் கேட்டாலும் "முஸ்லிம் தெருவுக்குப் போங்கள்" என்றுதான் பதில் வரும். பதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பகுதிக்கு எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மாலை நன்றாக அமையும் அல்லது கூட்டத்தில் கரைந்துபோகும்.

பரிசீலிக்க நான்கு இடங்கள் உண்டு. முரசுக் கோபுரத்தை ஒட்டிய பெய்யுவான்மென், அதாவது எல்லோரும் படம் எடுத்துப் போடும் முஸ்லிம் தெரு. அதற்கு மேற்கே, அதே ஹூய் முஸ்லிம் மக்கள் வாழும் சாஜின்ச்சியாவ். கிழக்கு மதிலின் உட்புறம் யோங்ஷிங்ஃபாங். தெற்கே, மதிலுக்கு வெளியே, பெரிய காட்டுவாத்துப் பகோடாவின் அடிவாரத்தில் தொடங்கும் தாதாங் பூயேச்செங், "மகா தாங் உறங்கா நகரம்".

கடைசியிலிருந்து வருகிறேன், ஏனென்றால் அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உறங்கா நகரம் சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள நடைவீதி. நுழைவுக் கட்டணம் இல்லை. இருட்டியதும் தெரு முழுக்க விளக்குகள், ஏழாம் நூற்றாண்டு முதல் சீனாவை ஆண்ட தாங் வம்சத்தின் அரசவைக் கோலத்தில் ஆடல், ஆங்காங்கே மேடைகள். 2019இல் 'சாய்ந்தாடும் பொம்மை' போல அடிப்பாகத்தில் நின்றபடி வளைந்து கைநீட்டும் ஒரு நடனக் கலைஞரின் காணொளி நாடு முழுக்கப் பரவியதிலிருந்து இங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. பக்கத்துக் கடைகளில் பழங்கால ஆடையை வாடகைக்கு எடுத்து, தலை அலங்காரமும் ஒப்பனையும் செய்துகொண்டு, படம் எடுப்பவரையும் அமர்த்திக்கொண்டு நடக்கும் பெண்களைத்தான் எங்கு பார்த்தாலும் காணலாம். குழந்தைகளோடு வந்திருக்கிறீர்கள், வாய்க்கு ருசியாக ஏதும் கிடைக்காவிட்டாலும் கண்ணுக்கு விருந்து வேண்டும் என்றால் இங்கேதான் வரவேண்டும். சாப்பாட்டுக்காக வரவேண்டாம். விற்பதெல்லாம் சீனாவின் எந்தச் சுற்றுலாத் தெருவிலும் கிடைக்கும் குச்சித் தின்பண்டங்கள்தான், விலை மட்டும் கொஞ்சம் தூக்கல்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், உண்மையான தாங் காலத்துச் சாங்ஆன், அதாவது அன்றைய சியான், இரவில் நன்றாகவே உறங்கிய நகரம். மாலை முரசு கொட்டி முடிந்ததும் குடியிருப்புப் பேட்டைகளின் வாசல்களை அடைத்துவிடுவார்கள், பெருந்தெருவில் நடமாடினால் தண்டனை. விளக்குத் திருவிழாவின் சில இரவுகளில்தான் கட்டுப்பாடு தளரும். கிழக்குச் சந்தை, மேற்குச் சந்தை இரண்டுமே பகல் சந்தைகள். பேட்டைகளுக்குள் மெல்ல முளைத்த இரவு வியாபாரத்தைத் தடுக்க 9ஆம் நூற்றாண்டில் ஆணையே போட்டிருக்கிறார்கள்.

தமிழர்களுக்கு இந்தப் பக்கம் வர வேறொரு காரணம் உண்டு. பகோடாவின் தெற்குச் சதுக்கத்தில் கையில் தடியுடன் நிற்கும் வெண்கலச் சிலை யுவான் சுவாங்குடையது. காஞ்சிபுரத்தைப் பற்றித் தன் பயணக் குறிப்பில் எழுதிவைத்த அதே துறவிதான். இந்தியாவிலிருந்து அவர் சுமந்துவந்த சுவடிகளைப் பாதுகாக்கத்தான் 652இல் இந்தப் பகோடா எழுந்தது. மெட்ரோவில் தாயன்தா நிலையத்தில் இறங்கி, பொழுது சாயும் நேரத்தில் சிலையைப் பார்த்துவிட்டு, விளக்கு ஏற்றியதும் அரை மணி நேரம் நடந்துவிட்டு, சாப்பிட நகருக்குள் திரும்பிவிடலாம். 3ஆம் தடமும் 4ஆம் தடமும் இங்கே சந்திக்கின்றன.

யோங்ஷிங்ஃபாங் 2014இல் திறக்கப்பட்டது. தாங் காலத்து அமைச்சர் வெய் செங்கின் வீடு இருந்த இடம் என்று சொல்லப்படும் நிலத்தில், பழைய பாணியில் புதிதாகக் கட்டிய உணவு முற்றம். ஷான்ஷி மாநிலத்தின் வட்டாரச் சிற்றுண்டிகளை ஒரே இடத்தில் கொண்டுவந்து கூட்டியிருக்கிறார்கள்: சீஷானின் புளிப்புக் காரக் குழம்பு நூடுல்ஸ், தோங்குவானின் மொறுமொறு ரொட்டிக்குள் வைத்த பன்றி இறைச்சி, வடக்குப் பீடபூமியின் கோதுமையல்லாத தானிய நூடுல்ஸ் வகைகள். இவை முஸ்லிம் தெருவில் கிடைக்காதவை. அதுதான் இந்த இடத்தின் பலம். சுத்தமாக இருக்கும், உட்கார இடம் கிடைக்கும், விலைப்பலகை தெளிவாக இருக்கும். செயற்கையாக அமைத்த இடம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். முதியவர்களோடு வருகிறவர்களுக்கு அந்தச் செயற்கைதான் வசதி.

இங்கே கிண்ணம் உடைக்கும் மது என்று ஒன்று உண்டு. மண் கிண்ணத்தில் ஊற்றித் தரும் மென்மையான அரிசி மதுவைக் குடித்துவிட்டு, மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு கிண்ணத்தைத் தரையில் ஓங்கி அடிக்கவேண்டும். தெற்கு ஷான்ஷியின் மலைப்பகுதி வழக்கம். 2018 வாக்கில் தௌயின் (டிக்டாக்கின் சீன வடிவம்) காணொளிகளால் நாடறிந்தது, ஒரு கிண்ணம் 5 யுவான் என்றுதான் அப்போது பேச்சு. உடைந்த ஓடுகள் குன்றாகக் குவிந்துகிடக்கும். ஒரு தடவை பார்க்க வேடிக்கைதான், அதற்காக நீண்ட வரிசையில் நிற்பது உங்கள் பாடு.

சரி, மெய்யான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

பெய்யுவான்மென் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள கற்பாவிய தெரு. தெற்கு முனையில் 1380இல் கட்டிய முரசுக் கோபுரம், அதைத் தாண்டிச் சற்றே நடந்தால் 1384இன் மணிக் கோபுரம். மெட்ரோவும் பக்கத்திலேயே, சோங்லோ நிலையம். இருட்டில் கோபுரத்தின் விளக்கொளியும், கரிப்புகையும், வேர்க்கடலை மிட்டாய்க்காக மரச் சுத்தியலால் மாறிமாறி இடிக்கும் ஓசையும் சேர்ந்து வாசலிலேயே ஆளை இழுத்துவிடும். உள்ளே போனால் தீபாவளிக்கு முந்தைய வாரத்து ரங்கநாதன் தெருதான். மே 1 விடுமுறையிலும் அக்டோபர் 1 முதல் வரும் தேசிய தின வாரத்திலும் நீங்களாக நடக்கவே தேவையில்லை, கூட்டமே உங்களைக் கொண்டுபோகும்.

சிக்கல் கூட்டம் மட்டுமல்ல. வாடகை ஏறிய தெருவில் எது வேகமாக விற்குமோ அதுதான் முன்வரிசைக்கு வரும். பெரிய பெரிய இறைச்சித் துண்டுகளைச் செந்நிற வில்லோ மரக் குச்சியில் செருகி அடுக்கிவைத்திருப்பார்கள், பக்கத்தில் கணவாய் மீன், பொரித்த நண்டு, நாற்றத் தோஃபு. கடலிலிருந்து நெடுந்தொலைவு உள்ளே இருக்கும் ஊரில் கணவாய்க்கு என்ன வேலை? நாற்றத் தோஃபுவின் புகழ் தெற்கே உள்ள சாங்ஷா நகரைச் சேர்ந்தது. இவையெல்லாம் சியானின் உணவே அல்ல. முதல் ஐம்பது மீட்டருக்குள் கை நிறைய வாங்கி வயிற்றை நிரப்பிக்கொள்கிறவர்கள், பிறகு நல்ல கடை எதிரே வரும்போது பார்த்துப் பெருமூச்சு விடவேண்டியதுதான்.

சாஜின்ச்சியாவ் வேறு மாதிரி. 1ஆம் மெட்ரோ தடத்தில் இதே பெயரில் நிலையம் இருக்கிறது. இறங்கித் தெற்கே திரும்பினால் தெரு தொடங்கிவிடும். அலங்கார வளைவு கிடையாது, தரையில் எண்ணெய்ப் பிசுக்கு, நடுவே சத்தமில்லாமல் வந்து முட்டப் பார்க்கும் மின் ஸ்கூட்டர்கள். பள்ளிவாசலிலிருந்து வெளியே வரும் வெள்ளைத் தொப்பிப் பெரியவர்கள் ரொட்டியும் இறைச்சியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். கடைக்காரருக்குத் தன் வாடிக்கையாளர் யாரென்று தெரியும், அதனால் ருசியில் ஏமாற்ற முடியாது. அண்மைக் காலமாக உள்நாட்டுப் பயணிகளும் இந்தத் தெருவைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது உண்மை. பேர்போன ஓரிரு கடைகளுக்கு முன்னால் வரிசை நிற்கும். வரிசை இல்லாத அடுத்த கடையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், கவலைப்படாதீர்கள்.

இதற்கு ஒரு குறை உண்டு. சாஜின்ச்சியாவின் உச்சநேரம் காலை. இறைச்சி உருண்டை போட்ட மிளகுக் கஞ்சியான ஹூலாதாங், பெரும் பாத்திரத்தில் பசையரிசியும் பேரீச்சை போன்ற சீன இலந்தையும் அவரையும் அடுக்கி இரவெல்லாம் வேகவைக்கும் செங்காவ் இரண்டும் காலையில்தான் சூடாக, புதிதாகக் கிடைக்கும். மாலையில் சுட்ட இறைச்சிக் கடைகளும் நூடுல்ஸ் கடைகளும் களத்தில் இறங்கும். ஆகவே மாலை, மறுநாள் காலை என இரண்டுக்கும் இடமிருந்தால் காலையை இங்கே செலவிடுங்கள். ரமலான் மாதத்தில் சில கடைகள் பகலில் மூடியிருக்கும், அதையும் நினைவில் வைக்கவேண்டும்.

ஒரு மாலைதான் என்றால் என் வாக்கு இரண்டையும் சேர்த்து, தலைகீழாக நடப்பதற்கு. ஐந்தரை மணி வாக்கில் சாஜின்ச்சியாவ் நிலையத்தில் இறங்குங்கள். தெற்கே நடந்தால் தெருவின் பெயர் தாமாய்ஷி என்று மாறும். அங்கிருந்து கிழக்கே மியாவ்ஹோ தெரு வழியாகத் திரும்பினால் ஷீயாங்ஷி, அதன் மறுமுனை பெய்யுவான்மென். எல்லாம் சேர்த்து இரண்டு கிலோமீட்டருக்குள்தான். பசி இருக்கும்போது உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடைகள் கைக்கு அருகில் இருக்கும். வயிறு நிறைந்த பிறகு விளக்கும் கூட்டமும் வந்து சேரும். முடிகிற இடத்தில் முரசுக் கோபுரமும், திரும்பிப்போக 2ஆம் மெட்ரோ தடமும் தயாராக இருக்கும். முரசுக் கோபுரத்திலிருந்து தொடங்குகிறவர்களில் பாதிப் பேர் ஷீயாங்ஷியைக்கூட எட்டுவதில்லை.

எதைச் சாப்பிடுவது என்பது நீங்கள் எதைச் சாப்பிடமாட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹூய் பகுதி முழுக்க ஹலால். பன்றி இறைச்சி கிடையாது, பல கடைகளில் மதுவும் கிடையாது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தைப் போல நிம்மதியாகச் சாப்பிடக்கூடிய இடம் சியானில் வேறில்லை. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள்தான் இங்கே விழிப்பாக இருக்கவேண்டும். நாடெங்கும் பன்றி இறைச்சியில் செய்யும் ரோஜியாமோ என்ற ரொட்டி, இங்கே உப்பிட்டுப் பதப்படுத்திய மாட்டிறைச்சியில் வரும். நியூரோ என்றால் மாடு, யாங்ரோ என்றால் ஆடு, ஜூரோ என்றால் பன்றி. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும். ஹூய் பகுதிக்கு வெளியே பலகையில் வெறுமனே 'ரோ' என்று இருந்தால் அது பன்றிதான்.

ஆட்டிறைச்சி பாவ்மோ இந்த ஊரின் பெருமை. கெட்டியான ரொட்டியை உங்களிடம் கிண்ணத்தோடு கொடுத்துவிடுவார்கள், கடலை அளவுக்கு நீங்களே பிய்த்துப் போடவேண்டும். பெரிதாகப் பிய்த்தால் சாறு உள்ளே இறங்காது. பிய்த்த கிண்ணம் அடுக்களைக்குப் போய், எலும்புச் சாற்றில் கொதித்து, ஆட்டிறைச்சியும் கண்ணாடி நூடுல்ஸும் சேர்ந்து திரும்பி வரும். கூடவே இனிப்பு ஊறுகாய்ப் பூண்டும் மிளகாய் விழுதும். கிளறாமல் ஓரத்திலிருந்து சாப்பிட்டால் சூடு ஆறாது. அருமையான உணவு, ஆனால் ஒரு முழுக் கிண்ணம் சாப்பிட்டால் அன்றைய உலா அதோடு முடிந்தது. சந்தை இரவுக்கு இரண்டு பேருக்கு ஒரு கிண்ணம் போதும், இல்லையென்றால் அதை மறுநாள் மதியத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

சுட்ட ஆட்டிறைச்சியில் சிறிய குச்சிகளைத் தேடுங்கள். பத்து, இருபது என்று எண்ணி வாங்குவது வழக்கம். சீரகமும் மிளகாய்த்தூளும் தூவிச் சுடும் வாசனை நமக்கு அந்நியமாகத் தோன்றாது. பட்டுப் பாதை வழியாக மேற்கிலிருந்து வந்த சுவை அது. சிச்சுவான் சமையலில் நாக்கை மரக்கவைக்கும் மிளகின் ஆதிக்கம் இங்கே குறைவு. காரத்தோடு கறுப்பு வினிகரின் புளிப்புதான் தூக்கி நிற்கும்.

சைவர்கள் பட்டினி கிடக்கவேண்டியதில்லை, ஆனால் தேடிச் சாப்பிடவேண்டும். குளிர்ந்த பட்டை நூடுல்ஸான லியாங்பி ஹூய் பகுதியில் எள் விழுதோடு வரும், இறைச்சி இல்லாதது. பெரிய வார்போல் அகன்ற நூடுல்ஸின் மேல் மிளகாய்ப்பொடி வைத்து, கொதிக்கும் எண்ணெயைச் சொய்யென்று ஊற்றித் தரும் யோப்போ வகை இன்னொன்று. செங்காவ், பச்சைப்பயற்றுக் கேக், பொரித்த சீமைப்பனிச்சை அடை ஆகியவை இனிப்புக்கு. அடையின் பூரணத்தில் கொழுப்பு சேர்ப்பதுண்டு, கறாரான சைவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது. "வோ ச்சி சூ" என்றால் நான் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். ஒரே வாணலி, ஒரே கரண்டி என்பதே ஒப்பாதவர்கள் இரவுச் சந்தையைப் பார்க்க மட்டும் வந்துவிட்டு, பௌத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களில் சாப்பிடுவது உத்தமம்.

குடிக்க, கண்ணாடிப் புட்டியில் வரும் பிங்ஃபெங் ஆரஞ்சு சோடா. இந்த ஊரின் தலைமுறைகள் குடித்து வளர்ந்த பானம். இலையுதிர் காலத்தில் வருகிறவர்களுக்கு லின்தோங் மாதுளையின் சாறு கிடைக்கும். கண்ணெதிரே பிழிந்து தருபவரிடம் வாங்குங்கள்.

பொருள் வாங்குவதில் கணக்கே வேறு. பெய்யுவான்மென்னில் உலர்பழமும் மிட்டாயும்தான் வாங்கத் தகுந்தவை. ஆனால் பலகையில் போட்டிருக்கும் விலை ஒரு ஜின்னுக்கு, அதாவது 500 கிராமுக்கு என்பதைக் கவனியுங்கள். கிலோ என்று நினைத்து, போட்டது போதும் என்று சொல்லாமல் நின்றால் தொகை ஏறிவிடும். எடை போடுவதற்கு முன்பே எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டிவிடுங்கள்.

நினைவுப் பொருள்களுக்கு ஹுவாஜுவே சந்து. பெரிய பள்ளிவாசலை ஒட்டி வளைந்து செல்லும் குறுகிய, கூரையிட்ட சந்தை. 742இல் நிறுவப்பட்டதாகக் கல்வெட்டு சொல்லும் அந்தப் பள்ளிவாசல், சீனக் கோயில் பாணியில் முற்றம் முற்றமாக அமைந்தது. இருட்டுமுன் போனால்தான் உள்ளே பார்க்கலாம். சந்துக் கடைகளில் கைக்கடங்கிய சுடுமண் வீரர்கள், பட்டுத் துணி, பச்சைக்கல், தோல்பாவை எல்லாம் உண்டு. பேரம் பேசியே ஆகவேண்டும். சொன்ன விலையில் மூன்றில் ஒன்றிலிருந்து தொடங்கினால் யாரும் கோபிக்கமாட்டார்கள், நீங்கள் நகர்ந்தால் கூப்பிடுவார்கள். பச்சைக்கல்லை நம்பி வாங்கவேண்டாம். 'பழம்பொருள்' என்று காட்டுவதையும் அப்படியே விடுங்கள். போலி என்றால் பணம் போச்சு. மெய்யாகவே பழையது என்றால் இன்னும் தொல்லை, 1911க்கு முந்தைய பண்பாட்டுப் பொருள்களை நாட்டைவிட்டு எடுத்துப்போகப் பொதுவாகத் தடை உண்டு.

தோல்பாவை மட்டும் நான் பரிந்துரைப்பேன். ஷான்ஷியின் ஹுவாஷியான் பகுதி இந்தக் கலைக்குப் பேர்போனது. மாட்டுத்தோலைச் சீவிப் பதப்படுத்தி, வெட்டி, வண்ணம் தீட்டுவது. விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தோல் ஒளியைச் சீரற்று உள்ளே விடும், பிளாஸ்டிக் ஒரே சீராக விடும். தூரிகை, மை, கல்வெட்டுப் படிகள், பெயர் செதுக்கும் முத்திரைக் கல் வேண்டுமென்றால் இந்தச் சந்தைகளை விட்டுவிட்டு, தெற்கு வாசல் அருகே உள்ள ஷூயுவான்மென் தெருவுக்கு மாலைக்கு முன்பே போய்விடுங்கள்.

பணம் கொடுப்பது எல்லா இடத்திலும் கியூஆர் கோடுதான். அலிபே அல்லது வீசாட் செயலியில் உங்கள் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டை ஊரிலிருந்தே இணைத்து, கடவுச்சீட்டைக் காட்டிச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அலிபேயில் 200 யுவானுக்கு உட்பட்ட தொகைக்கு வெளிநாட்டு அட்டைக் கட்டணம் இல்லை. ஆகவே தின்பண்டச் செலவுக்குக் கவலையில்லை. தோல்பாவை போன்ற பெரிய பொருளுக்கு ரொக்கம் எடுத்துவைத்தால் பேரத்துக்கும் உதவும். ரொக்கத்தைச் சில்லறையாக வைத்திருங்கள், 100 யுவான் தாளுக்கு மிச்சம் தேடும் கடைக்காரர்கள் நிறைய.

இரண்டு மாலைகள் கிடைத்தால் முதல் மாலை சாஜின்ச்சியாவிலிருந்து முரசுக் கோபுரம் வரை. இரண்டாவது மாலை யுவான் சுவாங் சிலையும் உறங்கா நகரத்தின் விளக்குகளும். பன்றி இறைச்சி உண்பவர்கள், வட்டார நூடுல்ஸ் மேல் ஆசையுள்ளவர்கள், கூட்டம் ஒவ்வாத பெரியவர்களோடு வந்தவர்கள் மட்டும் முதல் மாலைக்குப் பதிலாக யோங்ஷிங்ஃபாங்கைத் தேர்ந்தெடுக்கலாம். 1ஆம் தடத்தில் சாவோயாங்மென் நிலையத்தில் இறங்கி மதிலையொட்டித் தெற்கே நடக்கும் தூரம்தான். சனி, ஞாயிறு இரவுகளைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். ஜனவரியில் வந்தால் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும், கையுறையோடு குச்சி பிடித்துச் சாப்பிட முடியாது, அதற்கு உட்கார்ந்து சாப்பிடும் கடைகளே மேல். ஜூலையில் இதற்கு நேர்மாறு, ஏழரைக்கு முன்னால் தெருவில் இறங்கவே வேண்டாம்.